கல்லீரலின் காவலைக் கண்டறிந்தவர்

உருசியாவின் ரியாசான் நகரில் 1849ஆம் ஆண்டு பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் இவான் பாவ்லோவ். சமயக் கல்வியை இடையிலேயே விடுத்து, 1870இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சேர்ந்தார்.

குடலிலிருந்து திரும்பும் குருதி, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலைக் கடந்த பின்னரே இதயத்தை அடைகிறது. உணவுக்குழாயின் கீழ்முனை, கொப்பூழ், மலக்குடல் ஆகிய இடங்களில் இச்சிரையின் கிளைகள் பொதுச்சிரைகளோடு நுண்ணிய இணைப்புகள் கொண்டுள்ளன. கல்லீரல் நோயுற்று இறுகும்போது அவ்விணைப்புகள் புடைத்து மாற்றுவழியாகின்றன. 1877இல் நிக்கலாய் எக் என்னும் மருத்துவர், நாய்களில் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு தைத்து இணைத்தார். பெரும்பாலானவை மடிந்தபோதிலும், இம்முறை தீங்கற்றது என்றே அவர் கருதினார்.

பாவ்லோவ் அம்முடிவை அப்படியே ஏற்கவில்லை. அறுவையில் கைதேர்ந்த அவர், உடனாய்வாளர்களோடு அதே அறுவையைப் பன்முறை செய்து, பிழைத்த நாய்களைப் பொறுமையுடன் கண்காணித்தார். இறைச்சி உண்ட நாய்கள் தள்ளாடின, பார்வை இழந்தன, வலிப்புற்றன. கல்லீரலைக் கடவாத குருதியில், புரதச் சிதைவால் தோன்றும் அம்மோனியா சார்ந்த நச்சு யூரியாவாக மாறாமல் தங்குவதே காரணம் என 1893இல் அக்குழு வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. கல்லீரல் நோயாளர்க்கு நேரும் மனக்குழப்பத்தை மருத்துவர் புரிந்துகொள்ள அது வழிகாட்டிற்று.

செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார் பாவ்லோவ். எனினும், தம் அறிவு எவ்வுயிர்களின் துன்பத்தால் விளைந்தது என்பதை அவர் மறக்கவில்லை. 1935இல், தாம் பணியாற்றிய ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பச் செய்தார். அடுத்த ஆண்டு மறைந்தார்.