மங்கலான வெளிச்சமும் நம்ம சீமைக்காரரும்

எங்க ஊர் புன்னக்காயல். தாமிரபரணி கடல்ல கலக்குற இடம். மழை நாள்ல ஆத்துத் தண்ணி கலங்கி வரும், கையை விட்டா விரல் தெரியாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக மைக்ரோஸ்கோப் முன்னாடி உட்கார்ந்தப்போ அந்தக் கலங்கல்தான் ஞாபகம் வந்துச்சு. உயிருள்ள செல்லுக்குள்ள ஒரு புரதத்துக்கு ஒளிரும் லேபிள் ஒட்டுறோம். ஆனா செல்லும் தன் பங்குக்கு மங்கலா ஒளிருது. இதுல எது லேபிள், எது செல்?

இதே மாதிரி ஒரு கேள்வியோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். இன்னைக்கு அது விருதுநகர் மாவட்டம், அப்போ திருநெல்வேலிச் சீமை. அதனால நம்ம ஆளுன்னு தாராளமா சொல்லிக்கலாம். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரின்னு படிச்சார். படிச்ச கிறிஸ்தவக் கல்லூரியிலேயே கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். மதிய இடைவேளையில பசங்க என்ன சந்தேகம் கேட்டாலும் உட்கார்ந்து பேசுவாராம். நமக்கு அப்படி ஒருத்தர் கிடைக்கணுமே!

அப்புறம் கல்கத்தா. 1923-ல் ராமன்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். சுத்தமான திரவத்துக்குள்ள ஊதா வெளிச்சத்தை விட்டா, சிதறி வர்ற வெளிச்சத்துல வேற நிறமும் கொஞ்சம் கலந்திருந்தது. அழுக்கால வர்ற ஃப்ளோரசன்ஸா இருக்கும்னு முதல்ல நினைச்சாங்க. ஆனா திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தியும் அது போகல. 1928 பிப்ரவரியில கிருஷ்ணன் திரவம் மாத்தித் திரவமா பார்த்தார். அந்த வெளிச்சம் நல்லாவே போலரைஸ் ஆகியிருந்தது. சாதாரண ஃப்ளோரசன்ஸ் அப்படி இருக்காது. அப்போ இது புதுசு! லேசர் கிடையாது, டிடெக்டர் கிடையாது. சூரிய வெளிச்சம், ரெண்டு கலர் ஃபில்டர், இருட்டுக்குப் பழகின கண்ணு, அவ்வளவுதான். மார்ச் 31-ல் 'நேச்சர்' இதழில் வந்த குறிப்புல ராமன், கிருஷ்ணன் ரெண்டு பேர் பெயரும் இருக்கு. 1930 நோபல் ராமனுக்கு மட்டும். கண்டுபிடிப்புக்கு வழிகாட்டினது ராமன்தான், மறுக்கல. ஆனாலும் எனக்கு மனசு ஆறல.

கிருஷ்ணன் அதையே நினைச்சு உட்காரல. 1928 கடைசியில டாக்கா போயிட்டார். உலோக உப்புப் படிகங்களைக் காந்தப்புலத்துல தொங்கவிட்டு, எந்தத் திசையில காந்தத்தன்மை எவ்வளவுன்னு அளந்தார். உலோக அயனியைச் சுத்தி இருக்கிற மூலக்கூறுகள் அதோட எலெக்ட்ரான்களை எப்படிப் பாதிக்குதுன்னு அதுல இருந்து தெரிஞ்சுது. இன்னைக்கு ருத்தீனியம், இரிடியம் காம்ப்ளெக்ஸ் எந்த நிறத்துல ஒளிரணும்னு டிசைன் பண்றவங்களும் கேக்குற கேள்வி கிட்டத்தட்ட அதேதான்.

1940-ல் எஃப்.ஆர்.எஸ்., 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1958-ல் முதல் பட்நாகர் விருது. 1961 ஜூன் 14-ல் காலமானார்.

எங்க ப்ராஜெக்டுல இருக்கிறது யூரோப்பியம் காம்ப்ளெக்ஸ். செல்லோட சொந்த வெளிச்சம் சில நானோசெகண்டுல அணைஞ்சிடும். யூரோப்பியம் கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். அதனால ஃப்ளாஷ் அடிச்சதும் பார்க்கக் கூடாது. கொஞ்சம் பொறுத்து கேமராவைத் திறக்கணும்.