கொடுமுடிக் குரலை முதலில் கேட்டவர்கள்

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்த ஊர் கொடுமுடி. கொங்கேழ் தலங்களுள் ஒன்று. சிவனும் திருமாலும் நான்முகனும் ஒரே வளாகத்தில் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலும், அங்கு நிற்கும் பழமையான வன்னிமரமும் அவ்வூரின் பெருமைகள். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியது இத்தலத்தில்தான். இங்குள்ள காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்து பழனிக்கு நடப்பது கொங்கு மக்களின் வழிவழி வழக்கம். பாட்டும் பக்தியும் நீரோடு சேர்ந்து ஓடும் இவ்வூரில், 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பாலாம்பாள் என்னும் ஏழைத் தாய்க்குப் பிறந்தவர் சுந்தராம்பாள். ஊரின் பெயரும் தாயின் பெயரும் முன்னெழுத்துகளாக அமைய, கே.பி. சுந்தராம்பாள் என்று தமிழகம் அவரை அறிந்தது. கொடுமுடிக் கோகிலம் என்று கொண்டாடியது.

புகழ்பெற்ற கலைஞரின் வரலாற்றைச் சொல்பவர்கள், அவரை இன்னார் கண்டுபிடித்தார் என்று தொடங்குவது வழக்கம். சுந்தராம்பாளின் வரலாற்றில் அந்தப் பெருமைக்கு இருவர் உரியவராகின்றனர். ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான திருச்சி எப்.ஜி. நடேச ஐயர், ரயிலில் பாடிப் பொருள் பெற்றுக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டு வியந்து நாடக மேடைக்கு அழைத்துச் சென்றார் என்பது ஒரு வழக்கு. கரூரில் பணியாற்றிய காவல்துறை அதிகாரி ஒருவர் அச்சிறுமியின் பாட்டில் மனம் பறிகொடுத்து, வேலு நாயரின் நாடகக் குழுவிடம் ஒப்படைத்தார் என்பது மற்றொரு வழக்கு. எந்த வழக்கைக் கொண்டாலும் இரண்டு செய்திகள் மாறுவதில்லை. ஒன்று, அந்தக் குழந்தையைப் பாட வைத்தது வீட்டிலிருந்த வறுமை. மற்றொன்று, அதிகாரிகள் கேட்பதற்கு முன்பே அவரைக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பது.

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அப்பாதையில் சென்ற பயணிகளே சுந்தராம்பாளின் முதல் அவையினர். சந்தைக்குப் போனவர், உறவினர் வீட்டுக்குப் போனவர், வழக்குமன்றத்துக்குப் போனவர் என்று பலரும் அந்தப் பெட்டிகளில் அமர்ந்திருப்பர். சிறுமியின் பெயரை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். காலணாவோ அரையணாவோ கையில் வைத்துவிட்டு, இறங்க வேண்டிய ஊரில் இறங்கியிருப்பார்கள். அந்தக் காசு ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியவைத்தது. சக்கரங்களின் இரைச்சலை மீறிக் குரலெடுத்துப் பாடிய பயிற்சி, பின்னாளில் பல்லாயிரவர் கூடிய கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டிய தொனிக்கு அடித்தளமாயிற்று என்று கொள்வதில் பிழையில்லை.

நாடகக் குழுவில் சேர்ந்த சிறுமிக்கு வாய்த்த வேடங்களுள் ஒன்று நல்லதங்காளின் மூத்த மகன் வேடம். பஞ்சத்தில் பசியால் துடிக்கும் பிள்ளை, தாயிடம் முறையிட்டுப் பாடும் காட்சி அது. ரயிலில் பசிக்காகப் பாடிய குழந்தை, மேடையில் பசியையே பாடியது. அவையினர் கண்ணீர் விட்டனர். நடிப்பின் திறத்தை மெச்சியவர்களுள் எத்தனை பேர் அந்தப் பாட்டில் நடிப்பு எவ்வளவு, வாழ்வு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

அக்காலத்து நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடப்பது. ஒலிபெருக்கி கிடையாது. கதை மக்களுக்கு முன்பே தெரிந்தது. வள்ளியும் பவளக்கொடியும் அரிச்சந்திரனும் ஊரார் அறியாதவர்கள் அல்லர். யார் பாடுகிறார்கள், எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்கவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். உச்ச சுருதியில் நின்று, ஒரு சொல்லும் சிதையாமல் பாட வல்லவரே அம்மேடையில் நிலைக்க முடிந்தது. இசைப் பேராசான் ஒருவரிடம் பல்லாண்டு குருகுலவாசம் செய்து முறையாகப் பயின்றவரல்லர் சுந்தராம்பாள். மேடையே அவருக்குப் பள்ளிக்கூடம். பாட்டின் சொல்லைத் தெளிவாக ஒலிக்கும் பழக்கம் அங்குதான் வந்தது. அந்தத் தெளிவே எழுதப் படிக்கத் தெரியாதவரையும் அவருடைய ரசிகராக்கியது.

தமிழகத்தில் புகழ் வளர்ந்த காலத்திலேயே கடல் கடந்து இலங்கையிலும் அவருக்கு அவை கூடியது. அந்நாளில் தமிழ் நாடகக் குழுக்கள் இலங்கைக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கி நடிப்பதுண்டு. 1926ஆம் ஆண்டளவில் கொழும்பு மேடையில் சுந்தராம்பாள் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். கிட்டப்பாவின் குரல் ஏற்கெனவே நாடறிந்தது. இருவரும் வள்ளியும் வேலனுமாக எதிரெதிரே நின்று பாடியபோது, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டு மறுமொழியாயிற்று. மேடையில் தொடங்கிய அந்த உரையாடல் வாழ்விலும் தொடர்ந்தது. 1927இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. சாதியும் வேறு. எனினும் ரசிக உலகம் அவர்களை ஓர் இணையாகவே ஏற்றுக்கொண்டது.

இந்தக் காலத்தில்தான் சுந்தராம்பாளின் குரலுக்கு மூன்றாவது வாயில் திறந்தது. ரயிலும் மேடையும் கடந்து, கிராமபோன் தட்டில் அக்குரல் பதிவாயிற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே அந்தத் தட்டு பாடும். விடியவிடியப் பாடியவர் அந்த மூன்று நிமிடங்களுக்குள் பாட்டின் சாரத்தை இறக்கிவைக்கக் கற்றார். நாடகக் கொட்டகையை எட்டிப்பார்த்தறியாத பெண்களும், அங்கே செல்வதைக் குறைவாக எண்ணிய பெரிய வீட்டாரும், வீட்டுத் திண்ணையில் சாவி கொடுத்துச் சுழலவிட்ட பெட்டியின் வழியே அவரை அறிந்தனர். முகத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டு ரசிகரான முதல் தலைமுறை அது.

மணவாழ்வு நெடுநாள் இனிக்கவில்லை. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. மனவேறுபாடுகளும் பிரிவும் நேர்ந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளாடையும் நெற்றி நிறைந்த திருநீறுமே அவர் கோலமாயிற்று. இனி ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நாடகத் தலைவியாக அவரைக் கண்டு களித்த ரசிகர்களுக்கு அது பேரிழப்பு. அவருக்கு அது தொழிலையே துறப்பதற்கு ஒப்பானது. தலைவனும் தலைவியும் இல்லாமல் அந்நாளைய நாடகம் ஏது?

ஒதுங்கியிருந்தவரை மீண்டும் பொதுவாழ்வுக்கு அழைத்தவர்களுள் தீரர் சத்தியமூர்த்தி முதன்மையானவர். நாடகக் கலைஞர்களைத் தேசிய இயக்கத்தின் தூதர்களாகக் கண்டவர் அவர். சுந்தராம்பாள் தனியே மேடையேறி இசைக் கச்சேரிகள் நிகழ்த்தத் தொடங்கினார். காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். 1937ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில் அவருடைய பாட்டு பேச்சாளர்களின் சொற்பொழிவுக்கு முன்பே கூட்டத்தைத் திரட்டியது. கொடுமுடி வழியே சென்ற காந்தியடிகளுக்கு அம்மையார் தம் இல்லத்தில் தங்கத் தட்டில் உணவு படைத்ததும், அண்ணல் அந்தத் தட்டையே நிதிக்காகக் கேட்டுப் பெற்றதும் கொங்கு நாட்டில் இன்றும் சொல்லப்படும் செய்தி. ரயில் பெட்டியில் காசுக்குக் கை நீட்டிய குழந்தை, நாட்டின் பெருந்தலைவர் நீட்டிய கையில் பொன்னை வைக்கும் நிலைக்கு வளர்ந்திருந்தது.

திரையுலகம் அவரை அழைத்தபோதும் உறுதியை அவர் தளர்த்தவில்லை. 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதே அவர் எண்ணம் என்பர். அவர்களோ தொகையைக் கொடுத்தார்கள். அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். ஆகவே விரதத்துக்கும் பழுதில்லை. உடன் வேதியராக நடித்தவர் கருநாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சபாவின் இசையும் நாடகக் கொட்டகையின் இசையும் ஒரே திரையில் சந்தித்தன. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆயினும் நாடகக் குழு சென்றறியாத ஊர்களுக்கும் அவர் குரல் போய்ச் சேர்ந்தது. நான்காவது வாயில் இவ்வாறு திறந்தது. 1940இல் மணிமேகலையாக நடித்தார். அதுவும் துறவியின் வேடமே.

1953ஆம் ஆண்டு, எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத்தில் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ஔவையார் வெளிவந்தது. அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்து நான்கு. ஊர் ஊராக நடந்து, கூழுக்குப் பாடி, குறுநில மன்னரிடமும் குடியானவரிடமும் ஒன்றுபோல் பேசிய தமிழ் மூதாட்டியின் வேடம் அவருக்கு ஏற்றாற்போல் அமைந்தது. சோற்றுக்காகப் பாடிய வாழ்வை அறிந்தவருக்கு ஔவையின் வாழ்வை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆத்திசூடியைப் பள்ளியில் ஓதிய பிள்ளைகளுக்கு அதுவரை ஔவை ஒரு பெயர். அதன்பின் அவளுக்கு ஒரு முகமும் குரலும் கிடைத்தன. வள்ளியாக நின்ற இளம் சுந்தராம்பாளைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் அறிந்தவர் நரைத்த தலையும் கையில் கோலுமாக வந்த பாட்டிதான். தாத்தாவுக்கு வள்ளி, பேரனுக்கு ஔவை என்று ஒரே குரல் ஒரு வீட்டில் இருவருக்கு இரண்டு முகங்களோடு அறிமுகமாயிற்று.

இதற்கு முன்பே 1951இல் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினராகியிருந்தார். இந்தியாவில் சட்டமன்றத்துள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் என்னும் பெருமை அவருக்கு வழங்கப்படுகிறது. தமிழகத்தில் திரையும் அரசியலும் கைகோத்துச் சென்ற நெடும்பாதையின் தொடக்கத்தில், வெள்ளாடை உடுத்த ஒரு கொங்குநாட்டுப் பெண்மணி நிற்கிறார் என்பதை வரலாற்றாசிரியர்கள் மறக்கலாகாது.

பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனைத் தணிவிக்கும் அந்தப் பாட்டு, திரையரங்கை விட்டு வெளியேறிக் கோயில்களின் ஒலிபெருக்கிகளில் குடியேறியது. அம்மையாரின் குரலுக்கு ஐந்தாவது வாயில் அது. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மாரியம்மன் சாட்டின்போதும், பழனிக்கு நடப்போர் தங்கும் பந்தல்களிலும் விடியற்காலையில் அக்குரல் எழும். படத்தையே பார்த்திராத சிறுவர்கள் அதைக் கேட்டு விழித்தார்கள். பாடியவர் யார் என்று வீட்டாரிடம் கேட்டு, கொடுமுடி அம்மையார் என்று அறிந்துகொண்டார்கள். கொடுமுடித் தீர்த்தம் காவடியில் பழனிக்குச் செல்வதுபோல் கொடுமுடிக் குரலும் அவ்வழியே சென்றது.

1966இல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. துணைவன் படப் பாடல்களுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1973இல் காரைக்கால் அம்மையார் படத்திலும் அவர் பங்குகொண்டார். 1980ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். கிட்டப்பா மறைந்தபின் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள், அன்று உடுத்த வெள்ளாடையை மாற்றாமலே வாழ்ந்தார்.

அம்மையாரின் வாழ்வை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தானே அவரைக் கண்டுபிடித்ததாக நம்பியது. ரயில் பயணியும், நாடக ரசிகரும், கிராமபோன் வைத்திருந்தவரும், தேசியத் தொண்டரும், திரைப்படம் பார்த்தவரும், கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட சிறுவனும் வெவ்வேறு சுந்தராம்பாளை அறிந்தனர். ஆனால், எந்த வாயில் வழியே எந்தக் கோலத்தில் வெளிப்படுவது என்பதைச் சிறுமிப் பருவத்துக்குப் பின் முடிவு செய்தவர் அவரே. எந்த வேடம் ஏற்பது, எதை மறுப்பது, என்ன விலை கேட்பது, எந்த ஆடையில் நிற்பது என்பவற்றைப் பிறர் கையில் அவர் விடவில்லை. குழந்தையாய் இருந்தபோது பசி அவரைப் பாட வைத்தது. அந்தக் கட்டாயம் மறுமுறை தம்மை ஆளாதபடி அவர் வாழ்ந்து காட்டினார்.

கவிதை எழுதுவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. குரலுக்கு முதல் மதிப்பு தருபவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். பட்டமும் பதக்கமும் பின்னால் வருகின்றன. அவற்றை அளிப்போரின் பெயர்களை ஏடுகள் எழுதி வைக்கின்றன. அந்தப் பெட்டியில் இடம் நகர்ந்து, சிறுமி நின்று பாட வழிவிட்டுக் காலணா கொடுத்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அன்று செவி கொடுத்திராவிட்டால் அதிகாரி கேட்பதற்கும் அங்கே குரல் இருந்திருக்காது. ஈரோட்டுக்கும் திருச்சிக்கும் இடையே இன்றும் ரயில்கள் கொடுமுடியில் நின்று செல்கின்றன. அவற்றில் பாடிக்கொண்டு வரும் ஏழைக் குழந்தைக்கு ஒரு நிமிடம் செவி கொடுப்பதே கொடுமுடிக் கோகிலத்துக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி.