இராபர்ட் பாயில்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை ஆந்திர எல்லையை அணுகுமிடத்தில் ஆரம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. இத்தகைய சாலையோர ஊர்களில் லாரிச் சக்கரங்களுக்குக் காற்றடிப்போரைக் காணாதவர் இலர். அவர்கள் குழாயைப் பொருத்தி, அழுத்தமானியின் முள்ளை நோக்கி, உள்ளே காற்று போதுமா என்று சொல்லிவிடுவர். கண்ணுக்குப் புலப்படாத பொருளை அதன் அழுத்தத்தைக் கொண்டு அறிய வழிகாட்டியவருள் தலையாயவர் இராபர்ட் பாயில்.

அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்னும் கோட்டையில் 1627ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் பாயில் பிறந்தார். தந்தையார் பெருஞ்செல்வர், கார்க்குப் பிரபு எனப்பட்டவர். அவருக்குப் பதினான்காம் மகவு இராபர்ட். இளமையிலேயே தாயை இழந்தார். ஈட்டன் பள்ளியில் பயின்றபின், ஆசிரியர் ஒருவருடன் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றினார். பிளாரன்சு நகரில் அவர் தங்கியிருந்த குளிர்காலத்தில்தான், 1642இல், அந்நகரின் அருகே கலீலியோ காலமானார். பின்னர் அயர்லாந்தில் கலகம் மூண்டது, தந்தையாரும் இறந்தார். கையிற் பொருள் சுருங்கிய நிலையில் 1644இல் பாயில் இங்கிலாந்து திரும்பினார். அவர் உடல் வலிவற்றது; கண்பார்வையும் மங்கியது; பேச்சிலும் திக்கல் இருந்தது. ஆயினும் ஆராய்ச்சியில் அவர் சலித்தாரல்லர்.

ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த காலத்தில் இராபர்ட் ஹூக் என்னும் இளைஞர் அவருக்குத் துணையானார். 1659இல் இருவரும் காற்றை உறிஞ்சும் பொறி ஒன்றை அமைத்தனர். காற்றகற்றிய கலத்தில் விளக்கு அணைந்தது. கடிகார ஒலி தேய்ந்தது. 1660இல் வெளிவந்த இச்சோதனைகளை லைனசு என்பார் மறுத்தார். காற்றுக்கு அத்துணை வலிமை இல்லை என்றும், கண்ணுக்குத் தெரியாத ஓர் இழையே பாதரசத்தைத் தாங்குகிறது என்றும் அவர் வாதிட்டார்.

பாயில் சொல்லால் மட்டும் விடையிறுக்கவில்லை. ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் வளைந்த கண்ணாடிக் குழாயைச் செய்வித்தார். அறைக்குள் நிறுத்த இயலாத நீளமாதலின் அதனை மாடிப்படியருகே நிறுத்தினர். ஒரு குழாய் உடைந்தது, பாதரசம் சிதறியது. மீண்டும் செய்தார். மூடிய குறுங்குழாயில் 12 அங்குலம் காற்று இருந்தது. பாதரசத்தை மேன்மேலும் வார்க்க, அக்காற்று 6 அங்குலமாய்ச் சுருங்கியபோது அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 3 அங்குலமானபோது நான்கு மடங்காயிற்று. கண்ட அளவுகளையும், கணக்கின்படி வரவேண்டிய அளவுகளையும் 1662இல் அருகருகே அச்சிட்டார். இரண்டும் முற்றும் ஒத்துவரவில்லை. அச்சிறு வேறுபாடுகளை அவர் மறைக்கவுமில்லை. இக்கருத்தை டவுன்லி என்பவர் முன்னரே எண்ணியிருந்தார் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

இவ்விதி இன்று நிலத்தடி வாயுவை மதிப்பிட உதவுகிறது. சிறிது வாயுவை எடுத்தபின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்ததாயின், எடுத்ததைப் போல் பத்து மடங்கு வாயு முதலில் இருந்தது என்று கொள்ளலாம். மிகுந்த அழுத்தத்தில் வாயு விதியினின்று விலகும். அதற்குத் திருத்தம் செய்வர். ஆயின் இக்கணக்கு கலத்தின் கொள்ளளவு மாறாது என்று கருதுகிறது. பாயிலின் குழாய் மாறவில்லை. பூமியோ கண்ணாடி அன்று.

ஆரம்பாக்கத்திற்கு வடக்கே, அதே கடலோரத்தில், கிருஷ்ணா கோதாவரிப் படுகை உள்ளது. ஆறுகள் விரைந்து குவித்த களிமண்ணுள் நீர் வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டது. மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியை அந்நீரே தாங்குவதால், பல இடங்களில் ஆழத்திற்குரிய அளவினும் மிக்க அழுத்தம் நிலவுகிறது. அப்படுகையிலுள்ள பாசர்லப்பூடியில் 1995 ஜனவரி 8ஆம் நாள் கட்டுமீறி எழுந்த வாயு தீப்பற்றி 65 நாள் எரிந்தது.

இத்தகைய இடத்தில் வாயு வெளியேற வெளியேற மணற்பாறை நெருங்கிச் சுருங்கும். அதிலுள்ள நீரும் விரியும். காற்று இறங்கும் பலூன் தானும் சுருங்குவது போன்றது இது. ஆதலால் தொடக்கத்தில் அழுத்தம் மெல்லக் குறையும். பத்தில் ஒரு பங்கு குறையவேண்டியது இருபதில் ஒரு பங்கே குறைந்தால், வாயு இரு மடங்கு உள்ளதெனத் தோன்றும். அதனை நம்பிக் குழாய் பதித்து ஆலை நிறுவினால், பின்னர் அழுத்தம் விரைந்து விழும்பொழுது ஆலை வாயுவின்றி நிற்கும். எனவே பொறியியலார் பாறை எவ்வளவு சுருங்கும் என்பதையும் ஆய்ந்து கணக்கிற் சேர்ப்பர்.

பாயில் 1668இல் இலண்டன் சென்று தமக்கையார் காதரீன் இல்லத்தில் தங்கினார். மணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் குழுவிலும் சில காலம் இருந்தார். 1670இல் வாதநோய் தாக்க, நெடுநாள் துன்புற்று மெல்லத் தேறினார். 1680இல் இராயல் கழகத்தின் தலைமை தேடிவந்தபோது, பதவிக்குரிய உறுதிமொழி எடுக்க மனம் ஒப்பாமல் அதனை மறுத்தார். 1691 டிசம்பர் 23ஆம் நாள் தமக்கையார் மறைந்தார். எட்டாம் நாள், டிசம்பர் 31இல், பாயிலும் உயிர்நீத்தார்.