ரிச்சர்ட் டிக்சன் ஒல்தாம் (1858 - 1936)

நிவித்திகலப் பகுதியில் மாணிக்கக் குழி தோண்டுவதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். மாணிக்கக்கல் கலந்த சரளைப் படையாகிய இல்லம் கீழே இருக்கிறதா என்று அறியத் தோண்டித்தான் ஆகவேண்டும். பூமியின் மையமோ ஏறத்தாழ 6370 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளது. அங்கே ஒரு தனி அகணி இருக்கிறது என்பதை ஒரு குழியும் தோண்டாமல் காட்டியவர் ஒல்தாம் ஆவார்.

இவர் 1858 ஜூலை 31 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தை தோமஸ் ஒல்தாம் இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் முதல் தலைவர். 1869 இல் கச்சார் பிரதேசத்தில் ஏற்பட்ட புவிநடுக்கத்தை ஆராய்ந்த தந்தை, அறிக்கையை முடிக்காமலே 1878 இற் காலமானார். மறு ஆண்டு அதே திணைக்களத்திற் சேர்ந்த மகன், அவ்வறிக்கையைச் செம்மை செய்து 1882 இல் வெளியிட்டார். புவிநடுக்கம் இவருக்குத் தந்தை விட்டுச்சென்ற வேலை எனலாம்.

1897 ஜூன் 12 மாலை அசாமைப் பெரும் புவிநடுக்கம் தாக்கியது. ஷில்லாங்கில் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. ஏறத்தாழ 1500 பேர் இறந்தனர். ஒல்தாம் அங்கு சென்று ஆராய்ந்தார். சுளகிற் புடைக்கும் அரிசிபோலக் கற்கள் நிலத்தைவிட்டு மேலே துள்ளியிருந்தன. அப்படியானால் நிலத்தின் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலை விஞ்சியிருக்க வேண்டும். விஞ்ஞானப் பாடத்திற் படித்ததை இங்கே நினைவிற் கொள்க.

ஆயினும் முக்கியமான சான்று அசாமிற் கிடைக்கவில்லை. தொலைவில், இத்தாலி போன்ற நாடுகளிலிருந்த பதிகருவிகளின் கோடுகளிலேயே கிடைத்தது. அவற்றை ஒப்பிட்ட ஒல்தாம், ஒரே நடுக்கத்திலிருந்து மூன்று வகை அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்திருப்பதைக் கண்டார். முதலில் வருவது முதன்மை அலை (பீ அலை). அடுத்தது துணை அலை (எஸ் அலை). இறுதியில் வருவது மேற்பரப்பு அலை. இரு வகை அலைகள் திண்மத்தினூடாகச் செல்லும் என்று பிரான்சின் புவாசோன் முன்னரே கணிதத்தாற் கூறியிருந்தார். அவற்றைப் பதிவுகளில் தெளிவாக இனங்கண்டவர் இவரே.

முதன்மை அலை சிலிங்கியை முன்னும் பின்னும் தள்ளுவது போன்றது. அது நெட்டாங்கு அலை. துணை அலை கயிற்றைப் பக்கவாட்டில் உதறுவது போன்றது; அது குறுக்கலை. பொறியியலாளர் இதனை வெட்டு அலை என்பர். திரவம் பக்கவாட்டு வெட்டை எதிர்க்காது. எனவே துணை அலை திரவத்தினூடாகச் செல்லாது. கடினப் பாறையில் அதன் கதி செக்கனுக்கு 3 கிலோமீற்றர் வரை, அதற்கு மேலும் இருக்கும். தளர்ந்த மண்ணில் 200 மீற்றருக்கும் குறையலாம்.

இக்கதியை இன்று சாதாரணமாக அளக்கிறார்கள். நிலத்தில் ஒரு பலகையை அழுத்தி வைத்து, அதன் பக்கத்திற் பெரிய சம்மட்டியால் அடிப்பர். வரிசையாக நட்ட உணர்கருவிகள் அலை வந்த நேரத்தைப் பதியும். 36 மீற்றரைக் கடக்க 0.2 செக்கன் எடுத்தால் கதி என்ன? செக்கனுக்கு 180 மீற்றர். அது மென்மையான மண். அளக்க முடியாதபோது, துளையொன்றில் 63.5 கிலோகிராம் சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணிக் கதியை மதிப்பிடுவதும் உண்டு. எமது தோட்டங்களின் சரிவுகளிற் பாறைக்கு மேல் எவ்வளவு தளர்மண் கிடக்கிறது என்பது மண்சரிவு பற்றிய கேள்வியும் அல்லவா?

ஒல்தாம் உடல்நலக் குறைவால் 1903 இற் சேவையிலிருந்து விலகினார். அவரது தலைசிறந்த கட்டுரை அதன் பின்னர், 1906 இலேயே வெளிவந்தது. பிறர் சேர்த்த பதிவுகளை வைத்தே எழுதினார். நடுக்க மையத்திலிருந்து 120 பாகைக்கு அப்பால் துணை அலை மிகத் தாமதித்து வருவதாகக் கண்டு, மையத்தில் அலைகளை மந்தமாக்கும் அகணி உண்டு என்றார். அதன் ஆரை பூமியின் ஆரையில் 0.4 பங்கு என்று கணித்தார். உண்மையில் அது 0.55 அளவாகும், அவர் துணை அலை என்று கொண்டது வேறு பாதையில் தெறித்து வந்த அலை என்றும் பின்னர் தெரிந்தது. எனினும் அகணி இருந்தது! 1911 இல் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1936 ஜூலை 15 இல் வேல்சிற் காலமானார்.

கவனிக்க: அகணி திரவம் என்று கண்டவர் ஒல்தாம் என எழுதி மாணவர் பலர் புள்ளி இழக்கின்றனர். அகணியின் எல்லை ஏறத்தாழ 2900 கிலோமீற்றர் ஆழம் என்றவர் குற்றன்பேர்க். திரவம் என நிறுவியவர் ஜெப்றீஸ் (1926). அதனுள்ளே உள் அகணியைக் கண்டவர் இங்கே லேமன்; அது ஒல்தாம் மறைந்த அதே 1936 இல்.