கைதியாய் வந்து கழனி கண்டவர்

ஆஸ்திரேலியாவின் கோதுமை இன்று பல நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அந்நாட்டில் குடியேறிய ஐரோப்பியருள், சொந்த உழைப்பின் விளைச்சலைக் கொண்டே தம் வயிற்றை நிரப்ப முடியும் என்று முதன்முதலாகக் காட்டியவர் ஒரு கைதி என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அவர் பெயர் ஜேம்ஸ் ரூஸ்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1759இல் பிறந்த ரூஸ், வயல்வேலை பழகியவர். 1782இல் வெள்ளிக் கடிகாரங்களைத் திருடிய குற்றத்திற்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஏழாண்டு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1788 ஜனவரியில் சிட்னிப் பகுதியை அடைந்த முதல் கப்பற்படையின் பதினொரு கப்பல்களுள் ஒன்றில் அவரும் வந்து சேர்ந்தார்.

வந்தவர்களை வரவேற்றது பசி. சிட்னித் துறையருகே விதைத்த தானியம் பொய்த்துப் போயிற்று. உணவேற்றி வந்த கார்டியன் என்னும் கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. பங்கீட்டு உணவு மேலும் மேலும் குறைக்கப்பட்டது. ஒரு மனிதன் எத்தனை காலத்தில் அரசின் உணவை எதிர்பாராமல் வாழ இயலும் என்பதை அறிய ஆளுநர் ஆர்தர் பிலிப் விரும்பினார். தண்டனைக் காலம் முடிந்து நிலம் கேட்டு நின்ற ரூஸை 1789 நவம்பரில் பரமட்டாவில் குடியமர்த்தினார். குடிசை, கருவிகள், விதை, சில பன்றிகள், கோழிகள் ஆகியவையும் வழங்கப்பட்டன.

அவர் நிலத்தைப் பண்படுத்திய முறையை நம் உழவர்கள் கருத்துடன் கேட்பார்கள். கலப்பை இல்லை, மண்வெட்டிதான். வெட்டி வீழ்த்திய மரங்களை எரித்து, சாம்பலை மண்ணோடு கொத்திக் கலந்தார். நாளொன்றுக்கு நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்து சென்ட்டுக்கு மேல் அவர் கொத்தியதில்லை. அரசுப் பண்ணையில் மேலாகக் கீறிவிட்டுப் போனதைப் போலன்றி ஆழமாகக் கொத்தி, கட்டிகளை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, வெயிலிலும் காற்றிலும் ஆறவிட்டு, விதைப்பதற்குச் சற்று முன் மறுபடி புரட்டினார். வைக்கோலையும் மக்கக்கூடிய பிறவற்றையும் குழியிலிட்டு எருவாக்கவும் திட்டமிட்டார். ஆடுமாடுகளின் சாணம் கிடைப்பதற்கரிய இடத்தில் இதைவிட மேலான வழி வேறென்ன இருந்திருக்க முடியும்!

1790 செப்டம்பர் 5 அன்று எலிசபெத் பெர்ரி என்னும் கைதிப் பெண்ணை மணந்தார். 1791 பிப்ரவரியில் தமக்கு இனி அரசின் உணவு வேண்டாம் என்று அறிவித்தார். அவருக்கு 30 ஏக்கர் வழங்கப்பட்டது. அக்குடியேற்றத்தின் முதல் நில மானியம் அதுவே.

மானியமாகக் கொடுத்தவர்களுக்கு அந்நிலம் எவ்வாறு உரிமையாயிற்று என்ற வினா நம் மனத்தில் எழாமல் இல்லை. அது தாருக் மக்கள் வழிவழியாக வாழ்ந்த மண். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1789இல் பரவிய பெரியம்மை அம்மக்களுள் பெருந்தொகையினரைக் கொண்டுபோனது. எஞ்சியோரின் வேட்டைக் காடுகளும் ஆற்றங்கரைகளும் வயல்களாயின. ரூஸின் உழைப்பைப் போற்றும்போது இதையும் சேர்த்தே சொல்வது தான் நீதி.

1793இல் அப்பண்ணையை ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவருக்கு 40 பவுனுக்கு விற்றுவிட்டார். நம் நாட்டவர் கடைகள் நிறைந்த ஹாரிஸ் பார்க் என்ற பகுதி இந்த ஹாரிஸின் பெயரைத்தான் தாங்கியுள்ளது. ரூஸ் 1794இல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குச் சென்றார். வண்டல் வளம் மிக்க அந்த நிலம் வெள்ளத்திற்கும் இரையாவது. செல்வம் அவரிடம் நிலைக்கவில்லை. சில காலம் கடலோடியாகவும் இருந்தார். 1828இல், முதல் நில மானியம் பெற்ற அம்மனிதர், மின்டோ பகுதியில் வேறொருவரின் நிலத்திற்குக் கண்காணியாக இருந்தார்.

1837இல், தம் மண நாளான அதே செப்டம்பர் 5 அன்று அவர் இறந்தார். கேம்பல்டவுனில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறைக் கல்லின் எழுத்துகளைப் பெரும்பாலும் அவரே முன்கூட்டிச் செதுக்கி வைத்திருந்தார் என்பர். எழுத்துப் பிழைகள் மலிந்த அக்கல், முதல் தானியத்தை விதைத்தவர் தாமே என்று உரிமை கொண்டாடுகிறது. அரசுப் பண்ணைகளில் அவருக்கு முன்பே விதைத்திருந்தார்கள் என்பதால் அது முழுதும் சரியன்று. ஆயினும் விற்ற நிலத்தையும் இழந்த பொருளையும் பற்றி ஒரு சொல்லும் செதுக்காமல், விதைத்ததை அவர் செதுக்கியிருக்கிறார்.