துளையட்டை தந்த ஹாலரித்

கணக்கெழுதுவோரின் சுமையைக் கணக்கெழுதுவோரே அறிவர். சரக்குச் சீட்டுகளையும் நாள்வருமானத்தையும் கூட்டிக் கழித்தே காலங்கழிக்கும் நம்மனோர், அச்சுமையைக் குறைக்க வழிகண்ட ஹெர்மன் ஹாலரித் என்னும் அறிஞரை நினைவுகூர்தல் கடமையாகும்.

அமெரிக்காவின் பபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில், 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் அவர் பிறந்தார். 1879இல் கொலம்பியாவில் சுரங்கவியற் பட்டம் பெற்று, ஜனத்தொகைக் கணக்கு அலுவலகத்தில் பணியேற்றார். 1880இல் எடுத்த கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏழாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மக்களோ பெருகிக்கொண்டே இருந்தனர். இப்பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாகாதா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

முதலில் நீண்ட காகிதச் சுருளில் துளையிட்டுப் பார்த்தார். ஒருவரைப் பற்றிய விவரத்தைத் தேடச் சுருள் முழுவதையும் ஓட்டவேண்டியிருந்தது. அந்நாளில் மேற்குப் பகுதிக்கு ரயிலில் சென்றபோது, கண்டக்டர் பயணச்சீட்டில் துளையிடுவதைக் கண்டார். பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அமைப்பு ஆகியவற்றைத் துளைகளே குறித்தன. ஒருவர் சீட்டை மற்றவர் பயன்படுத்தாதிருக்கவே இவ்வேற்பாடு. எத்தனையோ பேர் கண்ட காட்சிதான். ஒரு மனிதனைத் துளைகளால் எழுதிவிடலாம் என்று அதில் கண்டவர் ஹாலரித்.

ஆளுக்கோர் அட்டை, வயது, பிறப்பிடம், தொழில் ஒவ்வொன்றுக்கும் அதில் தனியிடம். துளையிடவும் ஒரு கருவி அமைத்தார். முன்னுள்ள பலகையில் உரிய குழியில் கைப்பிடியை அழுத்தினால், பின்னுள்ள அட்டையில் அதற்கேற்ற துளை விழும். பின்னர் அட்டையை அழுத்துபொறியில் வைத்தால், துளையுள்ள இடத்தில் மட்டும் ஊசி இறங்கிக் கீழுள்ள பாதரசத்தைத் தொடும், மின்சாரம் ஓடும், முகப்பு முள் ஓரெண் நகரும். இவற்றிற்காக 1889 ஜனவரி 8ஆம் நாள் மூன்று காப்புரிமைகள் பெற்றார். விரலால் தட்டிக் கணிப்பொறிக்குச் செய்தி ஊட்டும் இன்றைய முறைக்கு முன்னோர்களுள் ஒன்று அக்கருவி.

அவ்வாண்டில் நடந்த போட்டியில், மற்ற இரு முறைகளுக்கு 44 மணியும் 55 மணியும் கடந்த தொகுப்பு வேலையை அவர் இயந்திரம் ஐந்தரை மணியில் முடித்தது. 1890ஆம் ஆண்டுக் கணக்கில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களை அதுவே எண்ணிற்று. நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயும் சரக்குக் கணக்குக்கு அவரை நாடியது. ரயிலில் பிறந்த கருத்து ரயிலுக்கே தொண்டு செய்தது!

ஆயினும் அவரிடம் பிடிவாதம் மிகுதி. இயந்திர வாடகையைக் குறைக்க இசையாமையால், அவரை உயர்த்திய ஜனத்தொகை அலுவலகமே விலகி, 1910ஆம் ஆண்டுக் கணக்குக்குத் தன் இயந்திரங்களைத் தானே செய்துகொண்டது. 1911இல் அவர் நிறுவனம் வேறு சிலவற்றுடன் இணைந்தது. அக்கூட்டு நிறுவனமே 1924இல் ஐ.பி.எம். எனப் பெயர் பூண்டது. 1929 நவம்பர் 17இல் அவர் மறைந்தார்.

துளையட்டைகளும் காலத்தால் ஓய்ந்தன. எனினும், அன்றாட அலுவலில் நம் கண்முன் நிகழும் சிறு செயலிலும் பெரிய உண்மை உறையக்கூடும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. நாமும் கண்திறந்து நோக்குவோமாக!