கேலியைத் தாங்கிய டாக்டர்

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1933-ம் ஆண்டு பிறந்தவர், ஜூடா போக்மன். தந்தை யூத மதகுரு. நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்வார். அங்கேதான் சிறுவனுக்கு டாக்டராகும் ஆசை பிறந்தது.

34 வயதிலேயே பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைமை அறுவைச் சிகிச்சை டாக்டர் ஆனார்.

1971-ல் போக்மன் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டார். புற்றுநோய்க் கட்டி வளர ரத்தம் வேண்டும். அதற்காக அது புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. வாய்க்காலை அடைத்தால் பயிர் வாடும். அதுபோல, குழாய்களைத் தடுத்தால் கட்டி வாடும் என்பது அவர் எண்ணம்.

பலர் நம்பவில்லை. கேலி செய்தார்கள். அவர் பேச எழுந்தால், சிலர் வெளியே போய்விடுவார்கள்! போக்மன் மனம் தளரவில்லை. குழாய்களைத் தடுக்கும் மருந்தைத் தேடினார்.

ஒரு மருந்து, யாரும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அது ஒரு பழைய தூக்க மாத்திரை. பெயர், தாலிடோமைடு. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டதால், கை கால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961-ல் அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அந்த மாத்திரை ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கிறது என்று, போக்மனின் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் ராபர்ட் டமாட்டோ 1994-ல் கண்டார்.

எலும்பு மஜ்ஜையில் ஒரு வகைப் புற்றுநோய் உண்டு. எலும்பையும் அரிக்கும். வேறு மருந்துக்குக் கட்டுப்படாத அந்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். சுமார் மூன்றில் ஒருவருக்குக் குணம் தெரிந்தது! 2006-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. நோயை அது வேறு வழிகளிலும் தாக்குவது பின்னர் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு அது இன்றும் ஆகாது.

2008 ஜனவரி 14-ந் தேதி போக்மன் மாரடைப்பால் காலமானார். வயது 74. அதற்குள், ரத்தக் குழாயைத் தடுக்கும் மருந்துகள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டன.